முதலில் தட்டமாட்டேன் என்ற மைக்கக்கா

“இந்தச் சுவர் இடிஞ்சு விழுந்தாலும் சரி, உலகத்துல இருக்கிற கடலெல்லாம் வத்திப் போனாலும் சரி, இனிமே நான் முதல்ல தட்டமாட்டேன். தட்டினேன்னா என் பேரை மாத்திக் கூப்பிடு!”

மைக்கக்கா இந்தச் சபதத்தைச் செய்தபோது மணி பிற்பகல் நாலு பத்து, கிழமை செவ்வாய். மின்சார மீட்டர் பார்க்க வந்த ஒருவரும் மதில்மேல் ஒரு பூனையும் சாட்சி. பேரை மாற்றுவதில்தான் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. அக்காவின் சொந்தப் பேர் தெருவில் யாருக்கும் தெரியாது. அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தால்தான் அவருக்கே நினைவு வரும். முப்பத்து மூன்று வருடம் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் பேசியவர் என்பதால் ஊரே வைத்த பேர் மைக்கக்கா. ஆக, எப்போதோ தொலைந்துபோன ஒரு பொருளைத்தான் அவர் துணிச்சலாகப் பணயம் வைத்தார். பெரிய சபதங்கள் பலவற்றின் லட்சணம் இதுதான்.

சபதத்துக்குக் காரணமான சுவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பா கட்டிய ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் மைக்கக்கா, கல்யாணம் செய்துகொள்ள நேரம் கிடைக்காதவர். அந்தப் பக்கம் தங்கை. பள்ளிச் சீருடை தைப்பவர் என்பதால் தையலக்கா. கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம். இரு சமையலறைகளும் அந்தச் சுவரில் முதுகோடு முதுகு சாய்ந்திருந்தன. சகோதரிகள் இருவரும் வாசல் வழியாகப் போய்வருவதை நேர விரயமாகக் கருதினார்கள். அதற்காகச் சுவரிலேயே ஒரு தந்தி இலாகா நடத்திவந்தார்கள்.

இரண்டு தட்டு என்றால் “டீ போட்டாச்சு, வா.” பதிலுக்கு ஒரு தட்டு என்றால் “வரேன்.” மூன்று தட்டு என்றால் “எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வா.” மூன்று தட்டு இதுவரை இரண்டே முறைதான் பயன்பட்டது: தையலக்காவின் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்றைக்கு ஒருமுறை, மைக்கக்காவின் குளியலறைக்குள் ஓணான் நுழைந்த அன்றைக்கு இன்னொருமுறை. இரண்டு தடவையும் ஒரே வேகத்தில்தான் ஓடிவந்தார்கள். தட்டித் தட்டி, மைக்கக்கா பக்கத்துச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து, ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குக் குழிந்தே போயிருந்தது.

அக்கா வேலையில் இருந்தவரை இந்த இலாகா ஒழுங்காக நடந்தது. காலை ஆறு முதல் மூன்றரை வரை அவருக்குப் பேருந்து நிலைய மாடியில் ஒரு கண்ணாடி அறை, ஆறடிக்கு நாலடி. ஒரு மேஜை, வேகம் குறைக்கவே முடியாத ஒரு மின்விசிறி, சிவப்புப் பொத்தான் வைத்த ஒரு மைக், தங்கை தைத்துக்கொடுத்த நாற்காலி மெத்தை. “பயணிகளின் அன்பான கவனத்திற்கு” என்று அவர் ஆரம்பித்தால், கீழே சண்டை போட்டுக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டிகூட வாயை மூடிக்கொள்வார்கள். இருநூற்றுப் பதினான்கு ஊர்ப் பேர்களை அவர் ஒரு பிழையில்லாமல் சொல்லுவார். அவற்றில் ஒன்றுக்கும் போனதில்லை. ஊரையெல்லாம் அனுப்பிவைத்துவிட்டு, நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து சுவரை இரண்டு தட்டுத் தட்டுவார்.

ஓய்வு பெற்ற அன்று அவர் இடத்துக்கு ஒரு கணினி வந்தது. சக ஊழியர்கள் சக்கரம் வைத்த ஒரு பெட்டியைப் பரிசளித்தார்கள். எங்கேயும் போகாதவருக்குப் பெட்டி கொடுக்கிறோமே என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் போகிற திட்டம் இருந்தது. சகோதரிகள் இருவரும் சேர்ந்து, தொண்ணூற்றாறு நாள் உலகத்தைச் சுற்றிவருகிற ஒரு கப்பலில் இடம் போட்டிருந்தார்கள். யோசனை தங்கையுடையது. “முப்பத்து மூணு வருஷமா எல்லாரையும் வழியனுப்பிட்டே. உன்னை வழியனுப்ப ஆள் இல்ல. நானும் கூட வந்துட்டா அந்தப் பிரச்சினையே இல்லியே” என்று அவர் காரணம் சொன்னார். ஓர் அறை, இரண்டு கட்டில்.

விபரீதம் ஓய்வு பெற்ற மறுநாளே தொடங்கியது. மைக் இல்லாத மைக்கக்காவுக்குச் சுவர் மட்டும்தான் மிச்சம். காலை ஏழுக்குத் தட்டினார்: பால் வந்தாச்சு. எட்டே காலுக்குத் தட்டினார்: வெயில் வந்தாச்சு. பத்து மணிக்குத் தட்டி, தங்கை ஊசியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தால், “ஒண்ணுமில்ல, பத்து மணி ஆச்சு” என்றார். இப்படியே மூன்று மாதம். பள்ளிக்கூடம் திறக்க இருந்த நேரம். அந்தப் பக்கம் இருநூறு சட்டை காலர் இல்லாமல் காத்துக்கிடந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை பதினேழாவது தட்டு விழுந்தபோது தையலக்கா இந்தப் பக்கம் வந்தார். கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி.

“அக்கா, நீ ரிட்டையர் ஆனது பஸ் ஸ்டாண்டுல. என் வீட்டுல இல்ல.”

“என்னடி சொல்றே?”

“என் சுவரை டைம் ஆபீஸ் ஆக்காதேன்னு சொல்றேன். இனிமே தட்டாதே. என்னால ஒரு தையல் நேரா போட முடியல.”

“உன் சுவரா? என் பக்கமும்தான் அது சுவரு.”

“அப்ப உன் பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்துக்கோ.”

“கப்பல்ல மட்டும் எப்படி என்கூட ஒரே ரூம்ல இருப்பே?”

இந்த இடத்தில் தையலக்கா குண்டூசியை வாயிலிருந்து எடுத்தார். எடுக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

“நீயே போ. அங்கே நிறைய சுவரு இருக்கும். ஒண்ணொண்ணா தட்டிக்கிட்டே போ.”

அதற்குப் பதிலாகத்தான் மேற்படி சபதம். அதோடு நிற்காமல் அக்கா ஒரு பெரிய தினசரிக் காலண்டரை வாங்கிவந்து சுவரின் அந்தக் குழியை மறைத்து மாட்டினார்.

புறப்படுகிற நாளில் அக்கா புதுப்பெட்டியைக் கூடத்துக்கும் அறைக்குமாக மூன்று முறை உருட்டினார். சக்கரம் நன்றாக ஓடுகிறதா என்று சோதித்ததாகப் பின்னால் சொன்னார். அது சிமெண்டுத் தரையில் எழுப்பிய சத்தம் நாலு வீடு தள்ளி இருந்தவர்களுக்கே கேட்டது. அந்தப் பக்கத்தில் தையல் மெஷின் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. டாக்சிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அக்கா ஐந்து நிமிடம் செருப்பின் வாரை மாட்டினார், கழற்றினார், மாட்டினார். மெஷின் நிற்கவில்லை. சகோதரிகள் இருவரும் ஒருவரையொருவர் வென்றுவிட்ட மகிழ்ச்சியில் டாக்சி கிளம்பியது.

கப்பலில் நுழைந்த இடத்திலேயே முதல் அடி விழுந்தது. சீருடை போட்ட பெண் பட்டியலைப் பார்த்து, “ரெண்டு பேர் போட்டிருக்கே, இன்னொருத்தர் எங்கேம்மா?” என்றார்.

“வரலை.”

“பின்னாடி வர்றாங்களா?”

“வரலைன்னா வரலைதான்.”

முப்பத்து மூன்று வருடத்தில் அக்கா எத்தனையோ பேருந்துகளைப் பற்றி “வரவில்லை” என்று அறிவித்திருக்கிறார். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு எடை உண்டு என்று அப்போதெல்லாம் தெரிந்ததில்லை.

அறை ஐந்தாவது தளத்தில், நடைபாதையின் உள்பக்கம். ஜன்னல் இல்லை, ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு திரைச்சீலை மட்டும் தொங்கியது. விலக்கினால் சுவர். இவ்வளவு நேர்மையில்லாத திரைச்சீலையைத் தையலக்கா பார்த்திருந்தால் பிரித்துப் பார்த்திருப்பார். இரண்டு கட்டில், இரண்டு துண்டு, இரண்டு ஜோடி செருப்பு, தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு மின்கெட்டில், இரண்டு கப். கதவில் தொங்கிய அட்டையிலும் இரண்டு பேர். அறை ஊழியர் தினமும் மாலையில் வந்து இரண்டு தலையணைகள் மேலும் ஆளுக்கொரு சாக்லேட் வைத்துவிட்டுப் போவார்.

“அந்தக் கட்டில்ல யாரும் இல்லப்பா. ஒண்ணு போதும்.”

“பட்டியல்ல ரெண்டு பேரும்மா. நான் ஒண்ணு வச்சா, மேலே இன்னொண்ணு எங்கேன்னு கேப்பாங்க.”

பட்டியலை மதிக்கிறவர்களிடம் அக்காவுக்கு எப்போதும் மரியாதை உண்டு. வாதாடாமல் விட்டார். தன் சாக்லேட்டைத் தின்றார். அடுத்த கட்டிலின் சாக்லேட்டைத் தின்னவில்லை. பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டார். தெருவில் இருக்கிற பிள்ளைகளுக்கு என்று தனக்குத்தானே அறிவித்துக்கொண்டார். தெருப்பிள்ளைகளுக்கு அவர் அதற்குமுன் கொடுத்ததெல்லாம் “வாசல்ல பந்து ஆடாதே” என்ற ஒரே பரிசுதான்.

கப்பலின் சிறப்புகளை அக்கா முறையாகப் பார்வையிட்டார். நடன வகுப்பில் ஜோடி கேட்டார்கள், வெளியே வந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் “எத்தனை பேர்?” என்றார்கள்; “ஒண்ணு” என்றதும் எதிர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெறும் நாற்காலி இருந்தாலாவது யாரோ கைகழுவப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடலாம். ஆபத்துக்கால ஒத்திகையில் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு எல்லோரும் வரிசையில் நிற்க, அதிகாரி பேர் கூப்பிட்டார். தங்கையின் பேரையும் கூப்பிட்டார். “வரலை” என்றார் அக்கா. “மூழ்கும்போது வருவாங்களா?” என்று பின்வரிசையில் ஒருவர் கிண்டலடிக்க, நாலு பேர் சிரித்தார்கள். மூன்று தட்டுத் தட்டினால் வருவாள் என்று அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

கப்பலின் ஒலிபெருக்கிதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நிகழ்ச்சி அதிகாரி என்ற இளைஞர் காலையில், “ஹலோ ஹலோ ஹலோ, எல்லாரும் குஷியா இருக்கீங்களா?” என்று ஆரம்பிப்பார். அறிவிப்பு என்பது எப்போது, எங்கே, எது என்று சொல்வது. குஷியை விசாரிப்பது அல்ல என்று அக்கா மூன்று முறை எழுதிக் கொடுத்தார். நான்காவது முறை அந்த இளைஞர் கும்பிடு போட்டு, “நீங்களே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கம்மா” என்று மைக்கைக் கொடுத்துவிட்டார். பல மாதம் கழித்து ஒரு சிவப்புப் பொத்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கணீரென்று சொன்னார்: “பயணிகளின் அன்பான கவனத்திற்கு. நமது கப்பல் மாலை ஐந்து மணிக்கு, மூன்றாம் நடைமேடையிலிருந்து புறப்படும்.”

அந்தக் குரலில் இருந்த அதிகாரத்தைச் சந்தேகிக்க ஒருவருக்கும் துணிவில்லை. அதைக் கேட்டுவிட்டுக் கரையிறங்கியவர்களில் அறுபது பேர் துறைமுகத்தில் மூன்றாம் நடைமேடையைத் தேடி அலைந்து, நாற்பது நிமிடம் தாமதமாகக் கப்பல் ஏறினார்கள். அக்காவிடம் மறுபடி மைக்கைக் கொடுக்கவில்லை.

துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போதுதான் கைபேசி உயிர்பெறும். அக்கா இறங்கி ஒரு கடை நிழலில் ஒதுங்கி, தங்கையின் பேரைத் திறந்துபார்ப்பார். செய்தி ஒன்றும் இருக்காது. தங்கை கடைசியாகக் கைபேசியைப் பார்த்த நேரம் மட்டும் இருக்கும். அக்கா தன் கைக்கடிகாரத்தை வீட்டு நேரத்திலேயே விட்டுவைத்திருந்தார். கப்பல் மேற்கே போகப் போக, சில நாளுக்கு ஒருமுறை எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள், அக்கா தள்ளமாட்டார். அட்டவணையை இஷ்டத்துக்கு மாற்றுவது அவருக்குப் பழக்கமில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்பார்: தங்கை கைபேசியைக் கடைசியாகத் தொட்டது வீட்டு நேரம் நாலு எட்டு. அடுத்த துறைமுகத்தில் நாலு ஏழு. அதற்கடுத்து நாலு பத்து. நாள் முழுக்கக் கைபேசியை நூல்கண்டுப் பெட்டிக்குள் போட்டுவைக்கிறவள், அந்த நேரத்தில் மட்டும் எதைப் பார்க்கிறாள்? “ஏதாவது சமையல் வீடியோவா இருக்கும்” என்று அக்கா தீர்ப்பளித்துக் கைபேசியை மூடினார். மூடிய கைபேசியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டாம் நாள் அது நடந்தது. கைக்கடிகாரத்தில் நாலு மணி. கப்பலில் பிற்பகல் இரண்டு. கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. அக்கா டீத்தூள் பையைக் கப்பில் போட்டார். அடுத்து என்ன செய்யவேண்டும் என்று கையிடம் யாரும் சொல்லவில்லை. அதுவாகவே போய் அறைச் சுவரை இரண்டு தட்டுத் தட்டியது.

இது சபதத்தை மீறியதாகுமா என்ற சட்டப் பிரச்சினையை அக்கா உடனே ஆராய்ந்தார். சபதம் “இந்தச் சுவர்” என்று தெளிவாகச் சொல்கிறது. இது அந்தச் சுவர் அல்ல. ஆகவே குற்றமில்லை. தீர்ப்பு எழுதி முடிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

டக். ஒரே ஒரு தட்டு.

‘வரேன்.’

அக்கா பரபரவென்று இரண்டாவது கப்பையும் எடுத்தார். படுக்கை விரிப்பைச் சரிசெய்தார். தலையை வாரிக்கொண்டார். கதவைக் கொஞ்சம் திறந்துவைத்தார். கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் வரவில்லை. வயதானவராக இருக்கும், மெதுவாகத்தான் வருவார் என்று மன்னித்தார். மறுநாளும் நாலுக்கு இரண்டு தட்டினார். மறுநாளும் ஒரு தட்டுப் பதில். மறுநாளும் டீ ஆறியது. இப்படி ஏழு நாள். எட்டாம் நாள் ‘வரேன்’ வந்ததும் அக்கா கப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து அறைக் கதவையே தட்டிவிட்டார்.

கதவைத் திறந்தவர் ஒல்லியான ஒரு பெரியவர். மூக்குக் கண்ணாடி நெற்றியில், இன்னொன்று மூக்கில். ஓய்வுபெற்ற நூலகர்.

“என்ன சார் இது? தினமும் வரேன் வரேன்னு சொல்லிட்டு வராம இருந்தா என்ன அர்த்தம்?”

“நான் எப்பம்மா வரேன்னு சொன்னேன்?”

“ஒரு தட்டு தட்டினீங்களே.”

“ஒரு தட்டுன்னா சத்தம் போடாதேன்னு அர்த்தம். முப்பத்தொரு வருஷம் லைப்ரரியில மேஜையை அப்படித்தான் தட்டியிருக்கேன். யாரும் எனக்கு டீ கொண்டுவந்ததில்ல.”

“எங்க வீட்டுல ஒரு தட்டுன்னா வரேன்.”

“இது உங்க வீடு இல்லியேம்மா.” பெரியவர் இரண்டாவது கண்ணாடியையும் இறக்கிக்கொண்டார். “முதல்ல ரெண்டு மணிக்குத் தட்டினீங்க. நான் பகல்ல தூங்குற நேரம். சரி, மனுஷங்க எப்படியோ இருப்பாங்கன்னு தூக்கத்தை ஒரு மணிக்கு மாத்தினேன். இப்ப ஒரு மணிக்குத் தட்டுறீங்க. என்மேல என்ன கோபம்?”

“நான் என்னிக்கும் நாலு மணிக்குத்தான் சார் தட்டுறேன். கப்பல்தான் ஓடிக்கிட்டே இருக்கு.”

“தயவுசெஞ்சு நிறுத்துங்கம்மா. அமைதி வேணும்னுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்.”

கதவு சாத்தப்பட்டது. அக்கா கப்போடு திரும்பி வந்தார். இரண்டு டீயையும் அவரே குடித்தார். ஒரே வருடத்தில் இரண்டாவது முறையாக ஒருவர் அவரைத் தட்டாதே என்று சொல்லியிருக்கிறார். முதல்முறை ஆத்திரம் வந்தது. இந்தமுறை ஆத்திரம் வரவில்லை. ஜன்னல் இல்லாத அந்தத் திரைச்சீலையை விலக்கி, அதற்குப் பின்னால் இருந்த சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தட்டவில்லை. சொன்னால் சொன்னபடி நடப்பவர். நாலு மணி வரும்போது கையை மடியில் வைத்து, மேலே இன்னொரு கையை வைத்து அழுத்திக்கொள்வார். பயங்கரவாதியைப் பிடித்துவைத்த மாதிரி. வெளியே கடல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஒரே மாதிரி இருந்தது. இருநூற்றுப் பதினான்கு ஊர்ப் பேர் தெரிந்தவர். பேரே இல்லாத இவ்வளவு தண்ணீரை என்ன சொல்லி அறிவிப்பது என்று தெரியாமல் மேல்தளத்தில் நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் “அதோ பாரு, அதோ பாரு” என்று யார் தோளையாவது தட்டிக் காட்டினார்கள். பெரிய மீன் ஒன்று எழும்பி விழுந்தது. அக்கா சட்டென்று இடப்பக்கம் திரும்பி, “ஏ சின்னவளே” என்றார். இடப்பக்கத்தில் ஒரு கயிற்றுச் சுருள்தான் இருந்தது.

அதற்கடுத்த மாதம் கப்பலில் ஒரு செவ்வாய்க்கிழமை காணாமல் போனது. திங்கட்கிழமை படுத்து எழுந்தால் புதன்கிழமை. உலகத்தைச் சுற்றினால் நடுக்கடலில் ஓரிடத்தில் அப்படித்தான் என்று வரவேற்பு மேஜையில் விளக்கினார்கள். இத்தனை நாள் ஒவ்வொரு மணியாகக் கொடுத்துவிட்டு, மொத்தமாக ஒரு நாளைப் பிடுங்கிக்கொள்வது என்ன நியாயம் என்று அக்கா வாதாடினார். ஒரு பேருந்தை ரத்து செய்தாலே காரணம் அறிவிக்கவேண்டும். ஒரு கிழமையையே ரத்து செய்திருக்கிறார்கள். மேஜைக்காரப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று அக்காவின் குரல் இறங்கியது.

“ஏம்மா, செவ்வாய்க்கிழமைதான் எடுக்கணும்னா, வேற ஒரு செவ்வாய்க்கிழமையை எடுக்க முடியாதா?”

“எதும்மா?”

“ஒண்ணுமில்ல. பழசு ஒண்ணு.”

நூலகர் தட்டாதே என்று சொல்லி ஒன்றரை மாதம் இருக்கும். பிற்பகல். அக்கா கட்டிலில் சாய்ந்து, சாக்லேட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். சுவரில் சத்தம் கேட்டது.

டக், டக்.

அக்கா எழுந்தார். யோசிக்கவே இல்லை, பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டி, செருப்பை மாட்டி, கதவைத் திறந்து நடைபாதையில் நாலு அடி ஓடிவிட்டார். கம்பளம் விரித்த அந்த நீளமான நடைபாதையைப் பார்த்த பிறகுதான் இது எங்கே என்று உறைத்தது. தங்கை வீட்டு வாசல் இங்கே இல்லை. கால் அப்படியே நின்றது.

பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. நூலகர் இரண்டு கப்போடு நின்றார். டீத்தூள் பையின் நூல் ஒரு கப்புக்குள்ளேயே விழுந்து கிடந்தது.

“இப்ப நான் தட்டினது சரிதானே? ரெண்டு தட்டுன்னா டீ?”

“சரிதான்.” அக்கா அந்த நாலு அடியையும் திரும்ப நடந்து வந்தார். “அமைதி வேணும்னு சொன்னீங்களே சார்.”

“சொன்னேன். கிடைச்சது. ஒன்றரை மாசமா நிறைய கிடைச்சது.” பெரியவர் கப்பை நீட்டினார். “நிறுத்துங்கன்னு சொன்னது நான்தான். அதுக்காக ஒரேயடியா நிறுத்திடுறதா?”

“சொன்னா கேக்கணுமில்லியா?”

“லைப்ரரியில நான் மேஜையைத் தட்டினா எல்லாரும் ரெண்டு நிமிஷம் சும்மா இருப்பாங்க. அப்புறம் மறுபடி குசுகுசுன்னு பேசுவாங்க. நான் மறுபடி தட்டுவேன். முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் ஓடுச்சு. என் பேச்சை இவ்வளவு மதிச்ச ஒரே ஆள் நீங்கதாம்மா. ரொம்பக் கஷ்டமாப் போச்சு.”

அக்கா டீயை ஒரு வாய் குடித்தார். அதன் ருசியைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லாமல் விடுவதே நூலகருக்குச் செய்யும் மரியாதை. ஆனால் முழுக்கக் குடித்தார்.

அதற்குப் பிறகு நின்ற துறைமுகங்களில் அக்கா கைபேசியைத் திறந்து, தங்கைக்கு எழுத ஆரம்பித்தார். “டீ குடிச்சியா” என்று எழுதுவார், அழிப்பார். “இங்கே நல்ல காத்து” என்று எழுதுவார், அழிப்பார். “பயணிகளின் அன்பான கவனத்திற்கு” என்றுகூட ஒருமுறை எழுதிவிட்டு அழித்தார். முப்பத்து மூன்று வருடம் யோசிக்காமல் பேசியவருக்கு ஒரு வரி கைகூடவில்லை. தங்கை கைபேசியைக் கடைசியாகத் தொட்ட நேரம் நாலு ஒன்பது. நாலு ஆறு. நாலு பத்து.

தொண்ணூற்றாறாம் நாள் கப்பல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. எல்லோருடைய கடிகாரமும் ஊரைச் சுற்றி முடித்து, நகராமல் இருந்த அக்காவின் கடிகாரத்தோடு வந்து ஒத்துப்போனது. அதைப் பற்றி நூலகரிடம் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டார். நூலகர் விடைபெறும்போது அக்காவின் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார். எந்த அகராதிப்படி என்று இருவருமே விசாரிக்கவில்லை.

டாக்சி தெருவில் நுழைந்தபோது மணி மூன்றே முக்கால். வழியில் நிறுத்தி ஒரு பால் பாக்கெட் வாங்கியிருந்தார். போகும்போது மூன்று முறை உருட்டிய பெட்டியை, இப்போது மூச்சுமுட்ட இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் உள்ளே போனார். தன் வீட்டுக்குள் திருடன் மாதிரி நுழைந்த மைக்கக்காவை மதில்மேல் பூனை மட்டும் பார்த்தது.

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நீளமாக ஒரு ஓட்டம், நிறுத்தம், நூல் அறுக்கும் இடைவெளி, மறுபடி ஓட்டம். அக்கா சமையலறையில் தரையில் உட்கார்ந்து அதைக் கேட்டார். காலண்டரில் புறப்பட்ட நாளின் தாள் அப்படியே இருந்தது. சாக்லேட் பையை மேடையில் வைத்தார். வெப்பநாடுகளைக் கடந்தபோது உருகி, மறுபடி இறுகி, தொண்ணூற்றுச் சொச்சம் சாக்லேட்டும் ஒரே கட்டியாக இருந்தது. டீக்குப் பாலை அடுப்பில் வைத்தார்.

கைக்கடிகாரத்தில் சரியாக நாலு மணி. மெஷின் நின்றது.

நூல் அறுக்கும் இடைவெளி இல்லை இது. காலர் மடிக்கும் இடைவெளியும் இல்லை. நாற்காலி தரையில் இழுபட்டது. காலடிச் சத்தம் சமையலறைப் பக்கம் வந்தது. சுவருக்கு அந்தப் புறம், கைபேசித் திரையைத் திறக்கும் சின்னஞ்சிறு ‘டிங்’ கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. வேலை வரிசைகட்டி நிற்கிற ஒரு தையல்காரி, சுவரோரம் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

நாலு ஒன்று. நாலு இரண்டு. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்துவரை நிற்பாள், அதற்குமேல் நிற்கமாட்டாள். அந்த அட்டவணையை அவர் உலகம் முழுக்க எடுத்துக்கொண்டு போய்வந்திருக்கிறார்.

எழுந்து காலண்டரை ஆணியிலிருந்து கழற்றினார். கீழே வைத்தார். குழி அப்படியே இருந்தது. விரல் முட்டி சரியாக அதில் உட்கார்ந்தது.

இரண்டு முறை தட்டினார். பேருந்து நிலையக் குரலில் அல்ல. தூங்குகிறவர்களை எழுப்பாமல் தட்டுகிற மாதிரி.

பிறகு திரும்பி அடுப்பை அணைத்து, இரண்டாவது டம்ளரில் அரைக் கரண்டி சர்க்கரை கூடப் போட்டார். அந்தப் பக்கத்துக்காரிக்கு அப்படித்தான் பிடிக்கும்.